மேடைக்குத் தனி மின்சாரம் வேண்டும்: அரங்கம் கட்டுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாநகராட்சி, நகராட்சிக் கலையரங்குகளையும் கல்லூரி அரங்குகளையும் திட்டமிடுகிற, கட்டுகிற, பராமரிக்கிற பொறியாளர்களுக்கும் நிர்வாகிகளுக்கும்,

வணக்கம்.

தமிழ்நாட்டில் சிறு நாடகக் குழுக்களுக்கு ஒளியமைப்புச் செய்கிறவன் நான். எங்களைப் போன்றவர்களுக்கு உங்கள் அரங்குகளை விட்டால் வேறு கூரை கிடையாது. நீங்கள் இடம் தருவதற்கு நன்றி சொல்லிவிட்டே ஒரு கோரிக்கையை வைக்கிறேன். புதிதாகக் கட்டும் அரங்கிலும் பழுதுபார்க்கும் அரங்கிலும் மேடை விளக்குக்கான மின் இணைப்பைத் தனி வேலையாக, வரைபட நிலையிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். ‘லைட் அண்ட் சவுண்ட்’ என்று டெண்டரின் கடைசி வரியில் ஒரு மொத்தத் தொகையாக அதை எழுதிவிடாதீர்கள்.

நம் அரங்குகள் பெரும்பாலும் விழாவுக்காகக் கட்டப்படுகின்றன. பொன்னாடை, நினைவுப் பரிசு, குழுப் படம். அதற்கு மேடை முழுக்க வெளிச்சம் இருந்தால் போதும். மேலே வரிசையாக டியூப் லைட், முன்னால் நான்கு ஃபிளட், விங்ஸ் எனும் மேடைப் பக்கவாட்டு மறைவின் ஓரத்தில் இரண்டு பிளக் பாயிண்ட். நாடகம் வரும் நாளில்தான் சிக்கல் தொடங்குகிறது. வாடகைக்கு லைட் கொண்டு வருகிறவர் வண்டியிலிருந்து பார் கேன் எனும் குவளை வடிவ மேடை விளக்குகளையும், அவற்றை மங்கவைக்கும் டிம்மரையும் இறக்கி வைத்துவிட்டு முதலில் கேட்பது “மெயின் எங்கேண்ணே?” என்றுதான். அரங்கக் காவலர் கைகாட்டும் பெட்டியைத் திறந்து, எந்த எம்.சி.பி. (லோடு கூடினால் தானாக விழும் சுவிட்ச்) எதற்கென்று தெரியாமல், கழற்றிய வயரின் நுனியை முறுக்கிச் சொருகுகிறார். தமிழ்நாட்டில் மேடை ஒளியமைப்பு தொடங்கும் இடம் அநேகமாக இதுதான்.

கணக்கைப் பார்ப்போம். ஆயிரம் வாட் பார் விளக்கு ஒன்று 230 வோல்ட்டில் 4.3 ஆம்பியருக்குச் சற்று மேல் இழுக்கும். விங்ஸ் ஓரத்து 16 ஆம்பியர் பாயிண்டில் அப்படி மூன்று விளக்கு போடலாம், நான்காவது கூடாது. ஒரு சிறு நாடகத்துக்கு 24 விளக்கு என்று வைத்துக்கொண்டால் 24 கிலோவாட். ஒரே ஃபேஸில் ஏற்றினால் 104 ஆம்பியர். மூன்று ஃபேஸுக்கும் பிரித்தால் ஒவ்வொன்றிலும் 35 ஆம்பியர். இது எந்தப் பொறியாளருக்கும் பெரிய சுமை இல்லை. ஏசிக்கு இதைவிட அதிகம் ஒதுக்குகிறீர்கள். மேடைக்கென்று ஒதுக்கப்படவில்லை என்பதுதான் குறை.

ஓர் அரங்கில் கண்டதைச் சொல்கிறேன்; ஊர் வேண்டாம். ஒப்பனை அறைக்குப் பக்கத்து நடையில், ஓர் இரும்பு பீரோவுக்குப் பின்னால் மின் பெட்டி. பீரோவை நகர்த்திக் கதவைத் திறந்ததும் சுட்ட பேக்கலைட் வாசனை. சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்று ஃபேஸ் வயர்களும் நல்ல தடிமன், புதுசு போல இருந்தன. மூன்றின் கரண்டும் திரும்பிப் போகும் கறுப்பு நியூட்ரல் வயர் அவற்றில் பாதிக் கனம். அது லிங்க்கில் நுழையும் இடத்தில் இன்சுலேஷன் பழுப்பாகி, விறைத்து, நகம் பட்டாலே உதிர்ந்தது. ஸ்க்ரூவில் டிரைவரை வைத்தால் முக்கால் சுற்று உள்ளே போயிற்று. அத்தனை தளர்வு. ஃபேஸ் வயர்கள் ஒன்றுகூடச் சூடாகவில்லை, ஒரு எம்.சி.பி.கூட விழவில்லை. எரிந்துகொண்டிருந்தது நியூட்ரல் மட்டும்.

இது ஏன் என்று பார்த்தால் என் கோரிக்கையின் பாதி புரிந்துவிடும். மூன்று ஃபேஸிலும் லோடு சமமாக இருந்தால் நியூட்ரலில் கரண்ட் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும் என்று எல்லோரும் படித்திருக்கிறோம். ஹீட்டருக்கு அது சரி. டிம்மருக்குச் சரியில்லை. விளக்கை மங்கலாக்க தைரிஸ்டர் டிம்மர் வோல்டேஜைக் குறைப்பதில்லை. மின்னலையின் ஒவ்வொரு அரைச்சுற்றிலும் முன்பகுதியை வெட்டிவிட்டு மீதியை மட்டும் அனுப்புகிறது. வெட்டுப்பட்ட அலையில் 50 ஹெர்ட்ஸோடு 150 ஹெர்ட்ஸும் கலந்து வருகிறது. இந்த மூன்றாம் ஹார்மோனிக் மூன்று ஃபேஸிலும் ஒரே நேரத்தில் ஏறி ஒரே நேரத்தில் இறங்கும். அதனால் நியூட்ரலில் அது கழிவதில்லை, கூடுகிறது. விளக்குகள் எல்லாம் பாதி வெளிச்சத்தில் இருக்கும்போது, ஃபேஸில் ஓடுவதைவிட நியூட்ரலில் அதிகம் ஓடும் நிலை வரும். நாடகத்தில் பாதி நேரம் விளக்குகள் அப்படித்தான் இருக்கும். நியூட்ரலுக்கு எம்.சி.பி. கிடையாது என்பதால் அது சூடாவதை யாரும் தடுப்பதில்லை.

அப்படிக் காய்ந்து காய்ந்து ஒருநாள் அந்த நியூட்ரல் அறுந்தால், இரண்டு ஃபேஸுக்கு இடையிலுள்ள 400 வோல்ட் விளக்குகள் வழியாகவே பங்குபோடப்படும். லோடு குறைந்த ஃபேஸில் வோல்டேஜ் 300ஐயும் தாண்டும். ஒலி மிக்சர் அந்த ஃபேஸில் இருந்தால் அது போயிற்று; அதைத் தொட்டுக்கொண்டிருப்பவருக்கு என்ன ஆகும் என்பது எர்த்தைப் பொறுத்தது. எனவே மேடைச் சுற்றுகளுக்கு நியூட்ரலை ஃபேஸைவிடக் கனமாக, முடிந்தால் இரட்டிப்பாகப் போடுங்கள். பாதி அளவு நியூட்ரல் என்ற பழைய சிக்கனம் மேடைக்கு ஆகாது.

எர்த் பற்றி இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று இரைச்சல் வந்தால் நம் ஊரில் ஒரு வைத்தியம் இருக்கிறது: பிளக்கின் தடித்த மூன்றாவது பின்னைக் கழற்றிவிடுவது. இரைச்சல் நின்றுவிடும். பெட்டியின் இரும்பு உடலுக்குப் பாதுகாப்பும் அந்த நொடியிலிருந்து இல்லை. அதே பழக்கம் விளக்குக்கும் தொற்றிவிட்டது. பதினைந்தடி உயர இரும்புப் பைப்பில் இரும்பு உடல் விளக்குகள் தொங்குகின்றன. அலுமினிய ஏணியில் ஒரு பையன் ஏறி, வியர்த்த கையோடு ஒவ்வொன்றையும் திருப்பி ஃபோகஸ் செய்கிறான். உள்ளே ஒரு வயர் உரசிக்கிடந்தால் அவன் உயிருக்குக் காவல் அந்தப் பின்தான். இரைச்சலுக்கு மருந்து வேறு இருக்கிறது. ஒலிக்குத் தனிச் சுற்று கொடுங்கள், அதை டிம்மர்களிலிருந்து தள்ளி வையுங்கள், சிக்னல் கேபிளைப் பவர் கேபிளோடு சேர்த்துக் கட்டாதீர்கள், இசைக்கருவியை மிக்சரோடு இணைக்கும் டி.ஐ. பாக்ஸில் இருக்கும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். மெயின் எர்த்தைத் தொட விடாதீர்கள். கையில் பிடிக்கிற, தரையில் கிடக்கிற பாயிண்டுகளுக்கெல்லாம் மின்கசிவு வந்ததும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம் என்று வையுங்கள். எர்த் பைப்பின் தடையை வருடம் ஒருமுறை அளந்து பெட்டியின் கதவில் எழுதி ஒட்டுங்கள்.

இதையெல்லாம் கேட்டு மின்சாரமே மேடைக்கு ஆபத்து என்று எண்ணிவிடக் கூடாது. மின் விளக்கு நாடக அரங்குகளில் பரவியதற்குப் பாதுகாப்பும் ஒரு காரணம். 1881 டிசம்பர் 8 அன்று வியன்னாவின் ரிங் தியேட்டரில் மேடையின் வாயு விளக்குகளில் தொடங்கிய தீ பல நூறு பேரைக் கொன்றது. சரியாக 20 நாள் கழித்து, டிசம்பர் 28 அன்று, லண்டன் சவாய் தியேட்டரின் மேடை மின் விளக்குகளால் ஒளிர்ந்தது. அந்தக் கட்டடம் முழுக்க ஜோசஃப் ஸ்வான் உருவாக்கிய பல்புகள், சுமார் 1,200. உரிமையாளர் டி’ஓய்லி கார்ட் மேடைக்கு வந்து, எரிந்துகொண்டிருந்த ஒரு பல்பை மஸ்லின் துணியில் சுற்றி உடைத்துக் காட்டினார், துணி கருகவில்லை. ஆனால் 1903 டிசம்பர் 30 அன்று சிகாகோவின் இராக்வாய் தியேட்டரில் ஆர்க் எனும் வகை மின் விளக்கு ஒன்றின் பொறி திரையில் பட்டது. தீத்தடுப்புத் திரை பாதியில் சிக்கியது, வெளியேறும் கதவுகள் பல பூட்டியிருந்தன. 602 பேர் இறந்தார்கள்.

அதனால் எங்கள் தரப்புக்கும் ஒன்று சொல்கிறேன். சில இயக்குநர்கள் முழு இருட்டு வேண்டுமென்று ‘வெளியே’ என்று ஒளிரும் பச்சைப் பலகையை அணைக்கச் சொல்வார்கள், துணி போட்டு மூடச் சொல்வார்கள். அரங்கப் பொறுப்பாளர் மறுக்க வேண்டும். அந்தப் பலகை பேட்டரியில், எங்கள் கை எட்டாத சுற்றில் இருக்கட்டும்.

இனி வெளிச்சத்தின் திசை. இதுவும் கட்டடத்தில்தான் தீர்மானமாகிறது. கட்டி முடித்தபின் எங்களால் மாற்ற முடியாது.

அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் ஒளியமைப்புக் கற்பித்த ஸ்டான்லி மெக்கேன்ட்லெஸ் வகுத்த முறையைத்தான் பல இடங்களில் முதல் பாடமாகச் சொல்லித் தருகிறார்கள். நடிகரின் முகத்துக்கு முன்னால், இடதும் வலதும் 45 பாகை விலகி, 45 பாகை மேலிருந்து இரண்டு விளக்குகள். ஒன்று வெதுவெதுப்பான நிறம், மற்றது குளிர் நிறம். மூக்கின் நிழல் கன்னத்தில் இறங்கும், கண் குழிக்குள் ஒளி போகும், தாடை கழுத்திலிருந்து பிரிந்து தெரியும். கடைசி வரிசையில் இருப்பவருக்கும் முகத்தின் சலனம் எட்டும். இந்த 45 பாகையை அளப்பது எளிது. முகத்தின் உயரத்திலிருந்து விளக்குப் பைப் ஐந்து மீட்டர் மேலே என்றால், நடிகர் நிற்கும் இடத்திலிருந்து ஐந்து மீட்டர் முன்னால், பார்வையாளர் தலைக்கு மேல் அந்தப் பைப் இருக்க வேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

நம் அரங்குகளில் அந்த இடத்தில் ஃபால்ஸ் சீலிங் இருக்கிறது. பைப் இருந்தால் மேடை விளிம்புக்கு நேர் மேலே இருக்கும். அங்கிருந்து விழும் ஒளியில் கண்கள் இரண்டும் குழியாகிவிடும். அல்லது விளக்குகள் பால்கனிச் சுவரில், வெகு தொலைவில் இருக்கும். அங்கிருந்து வரும் ஒளி முகத்தைத் தட்டையாக்கி, நடிகரின் நிழலைப் பின்திரையில் பூதாகரமாக எழுப்பும். தொலைவு இரட்டிப்பானால் ஒளி நான்கில் ஒன்றாகக் குறையும் என்பதால் வாட்டையும் கூட்ட வேண்டியிருக்கும். சீலிங்கில் ஓர் இடைவெளி விட்டு, அங்கே ஒரு பைப்பும், எண் எழுதிய பத்துப் பன்னிரண்டு சாக்கெட்டுகளும், ஏணியில்லாமல் நடந்து போய்த் திருப்ப ஒரு நடைபலகையும் கொடுங்கள். ஒவ்வொரு விளக்குக்கும் கிளாம்ப் போக, இரும்புக் கயிற்றுக் காப்பும் கட்டாயமாக்குங்கள். கீழே மக்கள் உட்கார்ந்திருப்பார்கள்.

“இப்போது எல்லாம் எல்இடிதானே, இவ்வளவு மின்சாரம் எதற்கு?” என்று நீங்கள் கேட்பது நியாயம். எல்இடி பார் ஒன்று 200 வாட்டுக்குள் முடிந்துவிடுகிறது. சூடு குறைவு, நிறத்தாள் வேண்டாம். நான் அதை வரவேற்கிறேன். ஆனால் மூன்று விஷயம் கவனியுங்கள். எல்இடி விளக்கை டிம்மர் வழியாக இணைக்கக் கூடாது; வெட்டுப்பட்ட அலை அதன் பவர் சப்ளையைக் கொன்றுவிடும். அதற்கு டிம்மர் வழியாக வராத மின்சாரமும், கட்டளையைக் கொண்டுபோகத் தனியாக டி.எம்.எக்ஸ். கேபிளும் வேண்டும். இரண்டாவது, மலிவான எல்இடிகளின் பவர் சப்ளையும் அதே மூன்றாம் ஹார்மோனிக்கைத் தருகிறது. நியூட்ரல் பிரச்சினை சிறிதாகும், தீராது. மூன்றாவதுதான் எனக்கு மிக முக்கியம். சிவப்பு, பச்சை, நீலம் மட்டும் கலந்து வெள்ளை செய்கிற விளக்குகளும், நீலம் கலந்த வெள்ளையான 6,500 கெல்வின் விழா விளக்குகளும் மாநிறத்தையும் கறுப்பையும் சாம்பலாக்கிவிடுகின்றன. 3,200 கெல்வின் ஹாலஜன் ஒளியில் எங்கள் நடிகர்களின் முகத்தில் இருந்த செம்மை அதில் போய்விடுகிறது. டெண்டரில் வாட்டை மட்டும் எழுதாமல், வெதுவெதுப்பான வெள்ளையோ ஆம்பரோ சேர்ந்த விளக்கு, நிறங்களை உள்ளபடி காட்டும் அளவான நிறக்காட்டுத் திறன் (CRI) 90க்கு மேல் என்றும் எழுதுங்கள். வாங்குவதற்கு முன் நம் ஊர் முகம் ஒன்றை அந்த விளக்கின் கீழ் நிறுத்திப் பாருங்கள்.

நிறைய விளக்கு கேட்பதாக நினைக்க வேண்டாம். பெட்ரோமாக்ஸ் இரண்டின் கீழ் விடியவிடியக் கூத்து பார்த்த ஊர்க்காரர்கள் நாம். கொல்கத்தா மினர்வா தியேட்டரில் 1959இல் உத்பல் தத் மேடையேற்றிய ‘அங்கார்’ நாடகத்தில், நிலக்கரிச் சுரங்கத்துக்குள் வெள்ளம் ஏறித் தொழிலாளர்கள் மூழ்குவதை ஒளியமைப்பாளர் தபஸ் சென் வெறும் ஒளியாலேயே காட்டினார். ஒரு துளி தண்ணீர் இல்லை. அதற்குத் தேவைப்பட்டது விளக்கின் எண்ணிக்கை அல்ல, நினைத்த இடத்தில் நினைத்த கோணத்தில் ஒரு விளக்கை வைத்து, நினைத்த வேகத்தில் மங்கவைக்கும் வசதி.

கடைசியாகச் சில சிறு வேலைகள். ஒளி இயக்குபவரை விங்ஸில் உட்கார வைக்காதீர்கள். பார்வையாளர் பார்ப்பதை அவரும் பார்க்கும்படி அரங்கின் பின்பக்கத்தில் ஓர் அறையும், அங்கிருந்து மேடை வரை பவர் வயரோடு சேராத ஒரு குழாயும் வேண்டும். மேடையோரத்தில் பூட்டக்கூடிய பெட்டியில், 63 ஆம்பியர் மூன்று ஃபேஸ் இணைப்பு ஒன்றைத் தொழிற்சாலை வகைச் சாக்கெட்டோடு கொடுங்கள். வயர் முறுக்கிச் சொருகும் பழக்கம் அன்றே நின்றுவிடும். பெட்டிக் கதவின் உட்பக்கம் சுற்று வரைபடத்தை ஒட்டுங்கள். திறப்பு விழாவுக்கு முன் முழு லோடையும் இரண்டு மணி நேரம் எரியவிட்டு, மறுநாள் மின்சாரத்தை நிறுத்தி ஒவ்வொரு டெர்மினலையும் இறுக்கச் சொல்லுங்கள். நிகழ்ச்சி நாளில் உரிமம் பெற்ற வயர்மேன் ஒருவர் அரங்கிலேயே இருக்கட்டும். அவருடைய கூலியை வாடகையோடு சேர்த்து எங்களிடம் வாங்கிக்கொள்ளுங்கள், தருகிறோம்.

உங்கள் ஊரில் அடுத்த அரங்கின் வரைபடம் மேசைக்கு வரும்போது, கையெழுத்துப் போடும் முன் அந்த வட்டாரத்து நாடகக்காரர் ஒருவரையும் லைட் வாடகைக்காரர் ஒருவரையும் அழைத்து அரை நாள் பேசுங்கள். பைப் எங்கே, பாயிண்ட் எங்கே, ஏணி எங்கே நிற்கும் என்று அவர்கள் அங்கேயே குறித்துக் கொடுப்பார்கள். நான் இருக்கும் வட்டாரம் என்றால் அளவு நாடாவோடு நானே வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு மேடை ஒளியமைப்பாளர்