மரவாடித் தீயும் தண்ணீர்க் கணக்கும்

ஆசிரியருக்கு,

மரவாடிகளில் தீப்பிடித்தால் ‘வண்டி வந்தும் அணையவில்லையே’ என்று மக்கள் கோபப்படுவதுண்டு. காரணம் தண்ணீர்க் கணக்கு. தீயணைப்பு வண்டி ஒன்றில் சுமார் 4,500 லிட்டர் இருக்கும். நிமிடத்துக்கு 450 லிட்டர் வீதம் ஒரே குழாயில் அடித்தாலும் பத்து நிமிடத்தில் காலி. அடுத்த லாரி வரும்வரை தீ சும்மா இருக்காது.

பலகைகள் காய்வதற்காக இடையிடையே ரீப்பர் எனப்படும் மெல்லிய மரச்சட்டங்களை வைத்து அடுக்குகிறார்கள். அந்தச் சந்துகளே தீக்குப் புகைபோக்கி ஆகிவிடுகின்றன. வெளியே அடிக்கும் தண்ணீர் உள்ளே எட்டுவதில்லை. அதனால்தான் வீரர்கள் எரிகிற அடுக்கை விட்டுவிட்டு, காற்று வீசும் திசையில் எரியாமல் நிற்கும் அடுக்குகளை முதலில் நனைக்கிறார்கள். அதைக் குறை சொல்லாதீர்கள். அனலிலேயே பக்கத்து அடுக்கு பற்றிக்கொள்ளும். அடிப்பகுதி எரிந்த அடுக்கு எந்த நேரமும் சரியும், யாரும் அருகில் நிற்கக் கூடாது.

மரத்தூள் குவியல் இன்னும் மோசம். மேலே நனைந்து கறுத்திருக்கும், உள்ளே நாள்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். ஜேசிபியால் கொஞ்சம் கொஞ்சமாக வாரிப் பரப்பி நனைத்தால்தான் அணையும். குழாயை நேராகப் பாய்ச்சினால் தூள் கிளம்பி குப்பென்று பற்றும். தூவலாகத்தான் அடிக்க வேண்டும்.

உரிமம் புதுப்பிக்கும்போது அதிகாரிகள் நேரில் வந்து மூன்றைப் பார்க்கட்டும்: அடுக்குகளுக்கு நடுவே வண்டி நுழையும் பாதை, குறைந்தது 50,000 லிட்டர் தொட்டி, மின்சாரம் துண்டித்தாலும் ஓடும் டீசல் பம்பு. மரத்தூளை அன்றன்றே அகற்றுவதையும் கட்டாயமாக்க வேண்டும்.

– ஓய்வுபெற்ற தீயணைப்புப் பணியாளர்கள், திருச்சி