தேப்பனுக்குத் தள்ளாட்டம், மகனுக்கு முறுக்கு

கிளிநொச்சி

அன்பு மச்சான்,

உன்ரை கடிதம் கிடைச்சுது. தேப்பன் வரம்பிலை நடக்கேலாமல் தள்ளாடுறார், மகனுக்குக் கழுத்து முறுகுது, ரெண்டும் ரெண்டு வருத்தமோ எண்டு கேட்டிருந்தாய். அவசரப்பட்டுப் பிரிக்காதை. எஸ்.சி.ஏ. 3 எண்ட பரம்பரைத் தள்ளாட்ட வருத்தம் ஒரே குடும்பத்திலையே ஆளுக்காள் வேறை மாதிரி, இப்பிடித்தான் வரும். அந்த ஜீனிலை சி.ஏ.ஜி. எண்ட மூண்டெழுத்து எவ்வளவு தரம் கூடத் திரும்பி வருதோ, அவ்வளவு இளவயசிலை வருத்தம் தொடங்கும். இளசிலை தொடங்கினவைக்கு டிஸ்டோனியா எண்ட தசை முறுகலும் இறுக்கமும் முந்தி நிக்கும். பிந்தித் தொடங்கினவைக்குக் கால் மரத்துப்போறதும் தசை மெலிவும்.

எஸ்.சி.ஏ. 2 ஒரு கள்ளன். சிலருக்குத் தள்ளாட்டம் பெரிசாத் தெரியாது, உடம்பு இறுகி மெதுவாகிற பார்க்கின்சன் வருத்தம் அச்சொட்டா மாதிரி வரும். கண்ணை வடிவாப் பார். ரெண்டு விரலை ஒரு முழ இடைவெளியிலை பிடிச்சு, மாறி மாறிப் பார்க்கச் சொல்லு. கண் பாயாது, ஊர்ந்துதான் போகும். ஆள் இமையை வெட்டி, தலையைத் திருப்பிச் சமாளிப்பார். கை கால் தன்பாட்டிலை ஆடுற கொரியாவும் புத்தி மாறாட்டமும் சேர்ந்தால் எஸ்.சி.ஏ. 17ஐ நினை. அதை, அதே மாதிரி வாற ஹன்டிங்டன் எண்ட வேறை பரம்பரை வருத்தமெண்டு எழுதிப்போட்டு விடுறவை கனபேர்.

“நடுக்கம்” எண்டு சனம் சொல்லுறதை அப்பிடியே துண்டிலை எழுதாதை. தண்ணிக் கோப்பையைக் குடு. வாய்க்குக் கிட்டப் போகப் போக அலைச்சல் கூடினால் சிறுமூளைப் பழுது. திடீரெண்டு வெட்டிச் சிந்தினால் மயோகுளோனஸ் எண்ட தசை வெட்டு. அதுக்குக் குளோனசெபாம் இரவிலை 0.25 மில்லிகிராமிலை தொடங்கு. கூட்டினால் நித்திரை தூங்கி விழுவினம், ஏற்கெனவே விழுகிற ஆக்கள்.

பார்க்கின்சன் சாயல் இருந்தால் லெவோடோபா 100, கார்பிடோபா 25 குளிசை, அரை அரையா மூண்டு நேரம், சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்னம். கிழமைக்குக் கிழமை கூட்டு. அரைக் குளிசையோடை நிப்பாட்டிப்போட்டு “மருந்து கேக்கேல்லை” எண்டு சொல்லுறதுதான் இங்கை நடக்கிற பிழை. சத்தி வந்தால் டொம்பெரிடோன் குடு. மெற்றோகுளோப்ரமைட் வேண்டாம், அது மூளைக்குள்ளையும் போய், நாங்கள் லெவோடோபாவாலை கூட்டப் பாக்கிற டோபமினை மறிக்கும்.

தாய் தேப்பன் சுகம், பிள்ளையளிலை ரெண்டு பேருக்கு வருத்தம் எண்டால், சொந்தத்துக்கை முடிச்சவையோ எண்டு கேள். அங்கை முதல் தேடவேண்டியது மருந்துள்ள வருத்தங்களை. உடம்பிலை செம்பு சேருற வில்சன் வருத்தத்துக்கு இரத்தத்திலை செருலோபிளாஸ்மின், 24 மணித்தியாலச் சலத்திலை செம்பு பார். விற்றமின் ஈ குறைபாட்டுக்கு இரத்தம் எடுத்த குழாயை ஈயத்தாளாலை சுத்தி அனுப்பு, வெளிச்சம் பட்டால் அளவு பிழைக்கும். குறைபாடு எண்டு தெரிஞ்சால் வளந்தவைக்கு நாளுக்கு 800 மில்லிகிராமிலை தொடங்கலாம், கொழுப்புச் சாப்பாட்டோடை, ஆயுளுக்கும். இரத்தத்திலை அல்ஃபா ஃபீற்றோ புரோட்டீன் கூடியிருந்தால் அட்டாக்சியா டெலஞ்சியெக்டேசியா எண்ட பரம்பரைத் தள்ளாட்ட வருத்தமா இருக்கலாம்; அந்தப் பிள்ளையைச் சும்மா சீ.ரி. ஸ்கானுக்கு அனுப்பாதை, கதிர் அவையின்ரை உடம்புக்கு ஆகாது.

இன்னொண்டு. கிளினிக் கொப்பியின்ரை முன்பக்கத்திலை தமிழிலையும் சிங்களத்திலையும் “நரம்பு வருத்தம், குடிவெறியில்லை” எண்டு எழுதிக் கையெழுத்து வை. பஸ்ஸிலை ஏத்தமாட்டம் எண்டு நிக்கிறவனுக்குக் காட்ட உதவும்.

அன்புடன்,
உன்ரை பழைய கூட்டாளி