அழுத்தம் விழும் இடம்

அன்புள்ள கயல்,

நேற்று நீ போனில் சொன்னதிலிருந்து மனம் அதையே சுற்றி வருகிறது. மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவரை அழைக்கச் சொல்லி மூன்று முறை கேட்டும் எதிரே இருந்தவருக்குப் புரியவில்லை. உன் ஆங்கிலமே சரியில்லை என்று அழுதாய். அப்படி இல்லையம்மா.

'அனஸ்தட்டிஸ்ட்' என்று எல்லா அசைக்கும் ஒரே எடை கொடுத்தாய். தமிழ்க் காது அப்படிப் பழகியது. நாம் குறில், நெடில் என்று நீளத்தை அளக்கிறோம். ஆங்கிலம் பேசுகிறவர்களோ நீண்ட சொல்லில் ஓர் அசையை ஓங்கி ஒலித்து, மற்றவற்றை நலிய விடுகிறார்கள். நலிந்த உயிர் பெரும்பாலும் மங்கலான அகரமாகிவிடும். நம் குற்றியலுகரம் அரை மாத்திரையாகக் குறுகுகிறதே, ஏறக்குறைய அதுபோல. அ-னீஸ்-த-டிஸ்ட்: இதில் 'னீஸ்' ஓங்க வேண்டும். மருந்தைச் சொல்லும்போதோ அழுத்தம் இடம் மாறுகிறது: ஆ-னஸ்-தெ-டிக். இங்கே 'தெ' ஓங்கும்.

காரணம் சொல்லின் வாலில் இருக்கிறது. 'இக்', 'ஷன்', 'இட்டி' என்று முடிந்தால் அழுத்தம் பெரும்பாலும் அதற்கு முந்தைய அசைக்கு வந்துவிடும். ஹாஸ்பிடலில் 'ஹாஸ்' ஓங்கும், ஹாஸ்பிடாலிட்டியில் 'டா'. 'ஆலஜி'யில் முடியும் துறைப் பெயர்களிலும் ஓர் ஒழுங்கு உண்டு: அந்த 'ஆ' வரும் அசையே ஓங்கும். கார்டியாக் என்னும்போது 'கார்', கார்டியாலஜி என்னும்போது 'யா'. அரபிக், பாலிடிக்ஸ் போன்ற விலக்குகளில் முதல் அசையே ஓங்கும். அவற்றைக் கேட்டுக் கேட்டுத்தான் பழக வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல ஆசை. ஹெலிகாப்டர் என்பதில் இருப்பவை சுருளையும் சிறகையும் குறிக்கும் இரண்டு கிரேக்கச் சொற்கள். பொருளறிந்து பிரித்தால் 'ஹெலிகோ', 'ப்டர்'. எந்த வாயும் அப்படிப் பிரிப்பதில்லை! உன் அனஸ்தட்டிஸ்டிலும் 'அன்' என்றால் இன்மை, மீதி உணர்வு. சொல்லும்போது அந்த 'ன்' அடுத்த உயிரோடு சேர்ந்து 'னீ' ஆகிவிடுகிறது. தேனும் அடையும் சேர்ந்து தே-ன-டை ஆவது போலத்தான். செய்யுளில் சீருக்காகச் சொல்லைப் பிளப்பதை வகையுளி என்று இத்தனை ஆண்டுகள் நடத்தியவனுக்கு, இதைப் பார்த்ததும் பழைய நண்பனைக் கண்டது போல இருந்தது.

இரவுப் பணிக்குக் கிளம்பும் முன் மேசையில் விரலால் தட்டிப் பார். நான்கு தட்டு, இரண்டாவது மட்டும் பலமாக. ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சொல்லிக் காட்டு. அம்மாவும் பக்கத்தில் இருப்பாள். நீ அழுததை அவளிடம் சொல்லவில்லை.

அன்புடன்,
அப்பா