எந்த வலிக்கு என்று சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சுசெட்ரிஜின் என்ற மாத்திரையைப் பற்றி "மூட்டுவலி இனி இல்லை" என்று வாட்ஸ்அப்பில் செய்தி சுற்றுகிறது. அதை நம்பி என் மருந்துக்கடைக்கு வந்து கேட்கிறார்கள்.

2025 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இந்த மருந்து, வலியைக் கடத்தும் நரம்புகளில் உள்ள ஒரு சோடியம் கால்வாயை, அதாவது வலிச் செய்தி கிளம்ப சோடியம் நுழையும் நுண்ணிய வழியை, அடைக்கிறது. மூளையில் போய் வேலை செய்வதில்லை. அதனால் ஓபியாய்டு எனப்படும் அபின் வகை வலி மருந்துகளைப் போல அடிமையாக்கிவிடும் என்ற பயம் இல்லை. உண்மையிலேயே பெரிய விஷயம்தான். ஆனால் அனுமதி, திடீரென வரும் மிதமான அல்லது கடும் வலிக்கு மட்டும். வயிற்றிலும் கால் பெருவிரலிலும் அறுவை செய்துகொண்டவர்களிடம்தான் முக்கியச் சோதனைகள் நடந்தன. அங்கேயும் ஹைட்ரோகோடோன் என்ற ஓபியாய்டும் பாராசிட்டமாலும் சேர்ந்த கூட்டு மாத்திரையை அது மிஞ்சவில்லை. இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்புவலிக்கான இரண்டாம் கட்டச் சோதனையில், மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவு வலி குறைந்தது. அப்புறம், இது வீக்கத்தைக் குறைக்கும் மருந்தும் அல்ல.

சுமை தூக்கும் பெரியவர் ஒருவர் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையின் காலி அட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருப்பார். மருந்துச் சீட்டு கிடையாது. "இதுல ரெண்டு குடு தம்பி" என்பார். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு இரண்டும் உள்ளவர், அந்த மாத்திரையால் சிறுநீரகம் என்னாவது? நான் கொடுப்பதில்லை. அவரும் இப்போது புது மாத்திரையைக் கேட்கிறார்.

மருந்துச் செய்தி போடும்போது எந்த வலிக்கு, எத்தனை நாளைக்கு, எதோடு ஒப்பிட்டார்கள் என்பதையும் தயவுசெய்து சேர்த்துப் போடுங்கள்.

– ஒரு மருந்தாளுநர், திண்டுக்கல்