பாட்டு திக்கினால் முதலில் ஹார்டு டிஸ்கைத் தள்ளி வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நிகழ்ச்சிகளைப் பதிவு செய்யும் செட்-டாப் பாக்ஸை இணையத்தோடு சேர்த்து, ஸ்பாட்டிஃபை, யூடியூப் மியூசிக் போன்ற சந்தாச் சேவைகளின் பாட்டை டிவி வழியாகவே கேட்கும் வழக்கம் இப்போது பல வீடுகளில் இருக்கிறது. பாட்டு திக்கினாலோ, கைப்பேசிக்குப் பெட்டி தட்டுப்படாமல் போனாலோ, "பெட்டி பழசாகிவிட்டது, மாற்றிவிடுங்கள்" என்ற யோசனைதான் முதலில் வருகிறது. பெரும்பாலும் அது வீண் செலவு. இந்தக் கோளாறுகளில் முக்கால்வாசி, ஒரு கேபிளாலும் இரண்டு அமைப்பு மாற்றங்களாலும் வீட்டிலேயே தீர்பவை. தீராத கோளாறு ஒன்று உண்டு. அதற்காகவே இக்கடிதம் என்றாலும், முதலில் தீர்பவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

பெட்டியில் லேன் துளையோ வைஃபையோ இருப்பதால் மட்டும் சந்தாப் பாட்டு வந்துவிடாது. பழைய பதிவுப் பெட்டிகளில் உள்ள 'மீடியா பிளேயர்', பென் டிரைவில் இருக்கும் எம்பி3 கோப்பைப் பாடும். சில பெட்டிகள் டிஎல்என்ஏ முறையில் வீட்டுக் கணினியில் இருக்கும் கோப்பையும் எடுத்துப் பாடும். சந்தாச் சேவையின் பாட்டு அப்படித் திறந்த கோப்பு அல்ல. செயலிக்குள் நாம் 'டவுன்லோடு' செய்து வைப்பது பூட்டிய கோப்பு, அதன் சாவி அந்தச் செயலியிடமே இருக்கிறது. அதைப் பென் டிரைவில் நகலெடுத்துப் பெட்டியில் செருகுவதால் ஒரு பயனும் இல்லை. அமெரிக்காவில் டிவோ பதிவுப் பெட்டிக்கும் இதே நிலைதான் இருந்தது. 2003-இல் வந்த அதன் வீட்டு இணைப்பு வசதி, கணினியிலிருந்த எம்பி3 கோப்புகளை மட்டுமே பாடியது. ராப்சடி என்ற சந்தாச் சேவையை டிவோவில் கேட்க 2007 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று, ஏனென்றால் அதற்கான செயலி பெட்டிக்குள்ளேயே வந்தாக வேண்டியிருந்தது. இன்றைக்கும் விதி அதுதான். பெட்டிக்குள் அந்தச் சேவையின் செயலியோ, கைப்பேசி சொல்லும் பாட்டைப் பெட்டியே எடுத்துப் பாடும் 'காஸ்ட்' வசதியோ இருக்க வேண்டும்.

ஆண்ட்ராய்டு டிவி பெட்டியென்றால் இரண்டுமே இருக்கும். செயலியைத் திறந்ததும் திரையில் ஒரு குறியீட்டு எண் வரும். அதைக் கைப்பேசியில் கொடுத்தால் போதும், ரிமோட்டில் கடவுச்சொல்லை எழுத்தெழுத்தாகத் தட்ட வேண்டியதில்லை. கைப்பேசியிலிருந்து காஸ்ட் செய்வதும் நல்ல முறை. பாட்டு கைப்பேசி வழியாகப் போவதாகப் பலர் நினைக்கிறார்கள். கைப்பேசி சொல்வது 'இந்தப் பாட்டைப் பாடு' என்பதை மட்டுமே, பாட்டை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்வது பெட்டி. அதனால் அழைப்பு வந்தாலும் பாட்டு நிற்காது. கைப்பேசியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாலும் வீட்டில் பாடிக்கொண்டிருக்கும். புளூடூத்தில் அப்படி அல்ல. அங்கே கைப்பேசி பாட்டைப் பிரித்து, மறுபடி சுருக்கி அனுப்புகிறது. தரமும் குறையும், பேட்டரியும் கரையும். திரையை அப்படியே டிவிக்கு அனுப்பும் 'ஸ்கிரீன் மிரரிங்' பாட்டுக்கு ஏற்றதே அல்ல.

இனி திக்கல். நொடிக்கு 320 கிலோபிட் தரத்தில் ஒரு மணி நேரப் பாட்டு 144 எம்பிதான் ஆகும். ஹெச்டி படம் தடையில்லாமல் ஓடுகிற வீட்டில் பாட்டு திக்கினால், இணைய வேகத்தைக் குறை சொல்லக் கூடாது. ஒன்றைக் கவனியுங்கள்: யுஎஸ்பி ஹார்டு டிஸ்கில் பதிவு ஓடும்போது மட்டும் திக்குகிறதா? அப்படியானால் குற்றவாளி அந்த டிஸ்க்கும் அதன் கேபிளும்தான். யுஎஸ்பியின் வேகமான வகையான யுஎஸ்பி 3.0 வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலை உமிழ்கிறது. இதை இன்டெல் நிறுவனமே 2012-இல் அறிக்கையாக வெளியிட்டது. வைஃபையின் பழைய அலைவரிசையும் அதே 2.4 தான். பெட்டியின் மேலேயே டிஸ்கை வைத்தால், வைஃபை ஆன்டெனாவின் காதில் கத்துவதுபோல் ஆகிவிடும்.

இதற்கான முதல் பரிகாரம் செலவில்லாதது: டிஸ்கைப் பெட்டியிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். அதற்குக் கேபிள் எட்டாவிட்டால், உலோக உறை பின்னிய நீளமான நல்ல கேபிளாக வாங்குங்கள். மலிவான கேபிளில் அந்த உறை பெயரளவுக்கே இருக்கும். பெட்டியில் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை இருந்தால் அதற்கு மாற்றிவிடலாம், ஆனால் ரூட்டருக்கும் பெட்டிக்கும் நடுவே இரண்டு செங்கல் சுவர் இருந்தால் அந்த அலை தேய்ந்துவிடும். ரூட்டரிலிருந்து லேன் கேபிள் இழுத்துவிட்டால் பிரச்சினை அடியோடு போகும். பாட்டு திக்குவதோடு பெட்டியே அணைந்து மறுபடி எழுந்தால் அது வேறு கோளாறு. யுஎஸ்பி 2.0 துளை தர வேண்டிய மின்னோட்டம் 500 மில்லிஆம்பியர், 3.0 துளை தர வேண்டியது 900. சுழலும் டிஸ்க் அதற்குமேல் இழுத்தால் பெட்டி தள்ளாடும். தனி மின்சாரம் உள்ள டிஸ்கோ, மின்சாரம் ஊட்டிய யுஎஸ்பி ஹப்போ வேண்டும்.

கைப்பேசிக்குப் பெட்டி தெரியவில்லை என்பது அடுத்த புகார். இரண்டும் ஒரே ரூட்டரில் இருக்க வேண்டும். 'விருந்தினர் வைஃபை'யில் கைப்பேசி இருந்தால் தெரியாது, ஏனென்றால் ரூட்டர் வேண்டுமென்றே கருவிகளை ஒன்றுக்கொன்று மறைக்கிறது. ரூட்டரில் 'ஏபி ஐசொலேஷன்' என்ற அமைப்பு இயங்கினாலும் இதே கதைதான். கைப்பேசியில் விபிஎன் ஓடினால் அதை நிறுத்திப் பாருங்கள். ரிமோட்டில் அணைத்த பெட்டி ஆழ்ந்த உறக்கத்துக்குப் போய் வைஃபையையும் அணைத்துவிடுவதும் உண்டு. மின்சேமிப்பு அமைப்பில் நெட்வொர்க் மட்டும் விழித்திருக்கும்படி வைத்தால் தீரும்.

பாட்டுக் கேட்க டிவி திரை எரிய வேண்டியதில்லை. பல டிவிகளில் படத்தை மட்டும் அணைக்கும் அமைப்பு இருக்கிறது, மெனுவில் தேடினால் கிடைக்கும். ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பவர்கள் பெட்டியின் ஆப்டிகல் துளையிலிருந்து நேரே அதற்கு எடுத்துவிட்டால் டிவியையே அணைத்துவிடலாம். ஆனால் டிவியை அணைத்ததும் பெட்டியும் சேர்ந்து அணைந்தால், எச்டிஎம்ஐ சிஇசி என்ற இணைப்புக் கட்டளைதான் காரணம், அமைப்புகளில் போய் அதை நிறுத்துங்கள். ஆப்டிகலில் சத்தமே வராவிட்டால், ஒலி வெளியீடு 'பிசிஎம்' (சுருக்காத ஒலி) அல்லது 'ஸ்டீரியோ' என்று இருக்கிறதா பாருங்கள். 'டால்பி' என்று வைத்திருந்தால் பழைய ஸ்டீரியோ கருவிகளுக்கு அது புரியாது.

ஆப்டிகல் இல்லாத பெட்டிகளில் 3.5 மில்லிமீட்டர் ஏவி துளை இருக்கும். அதில் படத்துக்கும் ஒலிக்கும் சேர்த்து நான்கு தொடுபுள்ளிகள். அவற்றின் வரிசை கேபிளுக்குக் கேபிள் மாறும் என்பது கடையில் விற்பவருக்கே தெரிவதில்லை. ஒரு ஸ்பீக்கரில் பாட்டும் மற்றதில் 'ர்ர்ர்' என்ற இரைச்சலும் கேட்டால், அந்த இரைச்சல் படச் சமிக்ஞை. மஞ்சள் முனையைச் சிவப்பின் இடத்தில் செருகிப் பார்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆம்ப்ளிஃபயர் போய்விட்டதென்று பழுதுக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம்.

பாட்டு நடுவில் தானாக நின்றால் முதலில் சந்தாக் கணக்கைப் பாருங்கள். தனிநபர் சந்தாவில் ஒரு நேரத்தில் ஓரிடத்தில்தான் பாடும். மகன் பேருந்தில் பாட்டுப் போட்டால் வீட்டில் நின்றுவிடும். குடும்பச் சந்தாவில் ஒவ்வொருவரும் தனிக் கணக்கில் நுழைய வேண்டும், அப்பா கணக்கிலேயே எல்லோரும் இருந்தால் அந்தச் சந்தாவுக்குக் கொடுத்த காசு வீண். சில பெட்டிகளில் பதிவு தொடங்கும் நேரத்தில் பெட்டி அந்தச் சேனலுக்குத் தாவிவிடும், பாட்டு அறுந்துபோகும். இதற்கு மாற்று வழி இல்லை. நேரம் குறித்து வைத்த பதிவுகளை ஒருமுறை பார்த்துவிட்டு உட்காருவதே நல்லது.

கர்நாடக இசை கேட்பவர்களுக்கு இன்னொன்று. ஒரு பாட்டு முடிவதற்குள் அடுத்ததைக் கலந்து தொடங்கும் 'கிராஸ்ஃபேட்' அமைப்பைச் சுழியத்தில் வையுங்கள். ஸ்பாட்டிஃபையில் அது 12 நொடி வரை போகும். ராகம், தானம், பல்லவியைத் தனித்தனித் தடங்களாக வெட்டியிருக்கும் தொகுப்புகளில், ஆலாபனையின் கடைசிப் பிடியின் மேல் தானம் ஏறிவிடும். பாடியவரின் அரை மணி நேர உழைப்பு அந்த இடத்தில்தான் போய் நிற்கிறது. அதைப் பன்னிரண்டு நொடிக்காகக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு தடங்களுக்கு இடையே மௌனம் விழாமல் பாடும் 'கேப்லெஸ்' அமைப்பு இருந்தால் அது இயங்கட்டும்.

தீராத கோளாறுக்கு வருகிறேன். சந்தாச் சேவை தன் செயலியைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும், ஒரு கட்டத்தில் பழைய ஆண்ட்ராய்டுக்கு அதைத் தருவதை நிறுத்திவிடும். பெட்டிக்குப் புதிய ஆண்ட்ராய்டைத் தர வேண்டியவர் பெட்டியை விற்ற நிறுவனம். அவர் தராவிட்டால், சேனலைப் பிடிக்கும் டியூனரும் டிஸ்கும் நன்றாக இருக்கும், பதிவும் பழுதில்லாமல் நடக்கும், பாட்டு மட்டும் வராது. பெட்டியைச் சரிசெய்ய இங்கே வாடிக்கையாளரால் முடியாது. காஸ்ட் வசதியுள்ள சிறிய ஸ்டிக் ஒன்றை டிவியில் செருகிப் பாட்டை அதற்கு மாற்றிவிட்டு, பதிவுக்கு மட்டும் பெட்டியை வைத்துக்கொள்ளலாம். பெட்டியை விற்பதாகவோ திருப்பிக் கொடுப்பதாகவோ இருந்தால், கணக்கிலிருந்து வெளியேறி, எல்லா அமைப்புகளையும் அழிக்கும் 'ஃபேக்டரி ரீசெட்' செய்த பிறகே கொடுங்கள்.

பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், இணையத்தோடு சேரும் வீட்டுக் கருவிகளைத் தயாரிப்பவர் பாதுகாப்புப் புதுப்பிப்பை எத்தனை காலம் தருவார் என்று அறிவித்தே ஆக வேண்டும் என்பது சட்டம். இங்கே பெட்டியின் அட்டையில் எத்தனை ஜிபி, எத்தனை துளை என்பதெல்லாம் இருக்கிறது, புதுப்பிப்பு எந்த ஆண்டு வரை என்பது இல்லை. பாதுகாப்புப் புதுப்பிப்போடு, ஆண்ட்ராய்டு பதிப்பும் எந்த ஆண்டு வரை உயரும் என்பதை அட்டையிலேயே அச்சிட வேண்டும் என்று மத்திய நுகர்வோர் துறை விதி கொண்டுவர வேண்டும். அதுவரை, தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பகுதியில் எந்தப் பெட்டியைப் பற்றி எழுதினாலும், அதில் ஓடும் ஆண்ட்ராய்டு பதிப்பையும், கடைசிப் புதுப்பிப்பு வந்த மாதத்தையும் ஒரு வரியில் சேர்த்து வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். இரண்டும் பெட்டியின் அமைப்புகளில் 'அபவுட்' பக்கத்திலேயே இருக்கின்றன.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருச்சி