ஏலம் விடும் முன் அந்த நாற்காலியைத் திருப்பிப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கும்பகோணத்தில் நாற்பது வருடமாகப் பிரம்பு நாற்காலி பின்னுகிறேன். மருமகனுக்கு ராணுவத்தில் வேலை, சண்டிமந்திரில் இருக்கிறார். மகளைப் பார்க்கப் போனபோது, பக்கத்தில் சண்டிகரில் நாற்காலிகளுக்கென்றே ஒரு இடம் இருக்கிறது, உங்களுக்குப் பிடிக்கும் அப்பா என்று கூட்டிப் போனாள். 5-ஆவது செக்டாரில் பியர் ஜெனரே என்ற கட்டடக் கலைஞர் குடியிருந்த வீடு அது. இப்போது அருங்காட்சியகம்.

சண்டிகர் நகரத்தைத் திட்டமிட்ட லெ கொர்புசியேயின் ஒன்றுவிட்ட சகோதரர் அவர். 1951-இல் வந்து 1965 வரை அங்கேயே தங்கி வேலை பார்த்திருக்கிறார். புதிய நகரத்தின் அலுவலகங்கள், கல்லூரி, நீதிமன்றம் எல்லாவற்றுக்கும் நாற்காலி, மேசை வேண்டியிருந்தது. கிடைக்கிற தேக்கையும் பிரம்பையும் வைத்து, உள்ளூர் ஆசாரிகள் செய்யக்கூடிய மாதிரி அவரும் அவருடன் வேலை பார்த்தவர்களும் வடிவம் போட்டுக் கொடுத்தார்கள். பக்கத்துக்கு இரண்டு கால், கவிழ்த்த ‘வி’ போல மேலே போய்ச் சேர்ந்து நாற்காலியின் கைப்பிடியைத் தாங்குகிறது. கனமான கால், ஆனால் பார்வைக்குக் கனம் தெரியவில்லை.

நான் குனிந்து அடிப்பக்கத்தைத்தான் பார்த்தேன். சட்டத்தைச் சுற்றி வரிசையாகத் துளை, நெட்டுக்கு இரண்டு இழை, குறுக்குக்கு இரண்டு, மூலைக்கு மூலை இரண்டு. என் அப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்த அதே பின்னல். பிரம்பை ஊறப்போட்டு, பளபளப்பான பக்கம் மேலே வரும்படி இழுத்துக் கட்டினால் ஒரு இருக்கைக்கு இரண்டு மூன்று நாள் ஆகும். வெயில் காலத்தில் முதுகு வேர்க்காமல் காற்று போகும். கண் கலங்கிவிட்டது. வடிவம் போட்டவர் பெயர் உலகத்துக்கே தெரியும். பின்னியவர்கள் பெயர் பெரும்பாலும் யாரிடமும் இல்லை.

இந்த நாற்காலிகளை ஒரு காலத்தில் உடைசல் என்று மொட்டைமாடியில் குவித்து, அடிமாட்டு விலைக்கு ஏலம் விட்டிருக்கிறார்கள். வாங்கியவர்கள் வெளிநாட்டில் லட்சக்கணக்கில் விற்றார்கள். 2011-இல்தான் மத்திய உள்துறை அமைச்சகம் விற்கவும் வெளியே கொண்டுபோகவும் தடை போட்டது. எந்த அலுவலகத்துச் சாமான் என்று பெயிண்டில் எழுதிய எழுத்துதான் இன்று அசல் என்பதற்கு அடையாளமாம்.

இதைக் கேட்டதும் நம் பக்கத்து அலுவலகம் ஒன்று நினைவுக்கு வந்தது. பெயர் வேண்டாம். நானே பின்னிக் கொடுத்த பழைய தேக்கு நாற்காலிகள் அங்கே இருந்தன. அவற்றின் முதுகிலும் வெள்ளை பெயிண்டில் எண் உண்டு. முதலில் பிரம்பை அறுத்துவிட்டு பிளாஸ்டிக் வயர் போட்டார்கள். அப்புறம் ‘கண்டம்’, அதாவது இனி உதவாது என்று கழித்த சாமான், என்று எழுதி வேப்பமரத்தடியில் போட்டார்கள். இரண்டு மழைக்காலம் நனைந்து, விறகு விலைக்குப் போயின. மரம் ஒன்றும் கெட்டிருக்கவில்லை, பின்னல்தான் போயிருந்தது. அதைச் சரிசெய்ய ஒரு ஆள் மூன்று நாள் உட்கார்ந்தால் போதும்.

அதனால் அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். கண்டம் பட்டியலில் எழுதும் முன், பழைய மர நாற்காலி ஒவ்வொன்றையும் திருப்பி வைத்துப் படம் எடுங்கள். எந்த வருடம் வாங்கியது, யார் செய்தது என்று பதிவேட்டில் இருந்தால் எழுதி வையுங்கள். ஒரு ஆசாரியையோ பிரம்பு பின்னுகிறவரையோ கூப்பிட்டுக் காட்டுங்கள். கும்பகோணத்தைச் சுற்றி எங்கே கூப்பிட்டாலும் நான் வருகிறேன், பார்த்துச் சொல்லக் காசு வேண்டாம்.

இப்படிக்கு,
பிரம்பு நாற்காலி பின்னுபவர்,
கும்பகோணம்.