விங்லெட் எல்லா இறக்கைக்கும் பொருந்தாது

ஆசிரியருக்கு வணக்கம்.

சொந்தமாகச் சிறு விமானம் கட்டுபவர்களைப் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, இறக்கை முனையில் மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கும் சிறு இறக்கையான விங்லெட்டைப் பொருத்தினாலே எரிபொருள் மிச்சமாகும் என்று சொல்லியிருந்தது. பெரிய ஜெட் விமானத்துக்கு அது சரி. இருவர் அமரும் சிறு விமானத்தில் கணக்கு வேறு. அதைப் படித்துவிட்டு யாரும் நல்ல இறக்கையில் கைவைத்துவிடக் கூடாது என்பதால் இதை எழுதுகிறேன்.

இறக்கையின் அடிப்பக்கத்து உயர் அழுத்தக் காற்று முனையைச் சுற்றி மேலேறிச் சுழலாகிறது. அதோடு விமானத்தைப் பின்னுக்கு இழுக்கும் ஓர் இழுவையும் பிறக்கிறது. விங்லெட் குறைக்க முயல்வது இதைத்தான். அந்த இழுவை மெதுவாகப் பறக்கும்போதுதான் பெரிது. எஞ்சினை அணைத்தால் மிக அதிகத் தூரம் மிதக்கும் வேகம் ஒன்று உண்டு. அந்த வேகத்தில் மொத்த இழுவையில் இது சரிபாதி. அதைவிட ஒன்றரை மடங்கு வேகத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான். வேகமாகப் பயணம் போகக் கட்டுபவருக்கு முனையில் மிஞ்சுவது சொற்பம். விங்லெட்டின் சொந்த உராய்வே அதைத் தின்றுவிடும். 1975இல் பறந்த, அமெரிக்க வடிவமைப்பாளர் பர்ட் ரூட்டானின் வேரிஈஸ் விமானத்தில் விங்லெட் நன்றாக வேலை செய்தது உண்மை. ஆனால் அங்கே அது வரைபடத்திலேயே இறக்கையோடு சேர்ந்து பிறந்தது, சுக்கானையும் சுமந்தது.

இழுவையைக் குறைக்க நேர்வழி இறக்கையை நீட்டுவது. நீளம் 5 சதவீதம் கூடினால் முனைச் சுழலின் இழுவை சுமார் 9 சதவீதம் குறையும். பதிலுக்கு, இறக்கையின் முதுகெலும்பான ஸ்பாரின் அடிப்பகுதியில் வளைவு விசை ஏறும், விமானம் உருளும் வேகம் குறையும். இரண்டாம் உலகப் போரின் ஸ்பிட்ஃபயரில் உயரப் பறக்க நீட்டிய முனையும், தாழ்வில் சட்டெனத் திரும்ப வெட்டிய முனையும் இருந்தது இதனால்தான். முனையில் சேரும் எடை இறக்கையின் அதிர்வெண்ணையும் மாற்றும். இறக்கை தானே படபடத்து உடையக்கூடிய ஃபிளட்டர் தொடங்கும் வேகம் கீழே இறங்கிவிடலாம். வடிவமைப்பாளர் எழுத்தில் ஒப்புக்கொள்ளாமல் ஓர் அங்குலம்கூட நீட்டாதீர்கள்.

நீளத்தை மாற்றாமல் முனையை மட்டும் தேர்ந்தெடுப்பதானால் ஹோர்னர் முனையே என் தேர்வு. மேற்பரப்பு கடைசி வரை ஓட, அடிப்பரப்பு சாய்ந்து ஏறி, இரண்டும் கூரிய விளிம்பில் சந்திக்கும். உருண்டை முனையில் காற்று எளிதாக வளைந்து மேலேறுவதால் சுழல் உள்ளே நகர்ந்துவிடும். கூரிய விளிம்பு அதை வெளியே நிறுத்தும்.

வடிவத்தைவிட வேலைப்பாடு முக்கியம். அச்சில் வார்த்து எடுத்த ஃபைபர் கிளாஸ் முனையின் பின்விளிம்பு பல நேரம் முறுக்கியிருக்கும். ஏலரானை, அதாவது விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்க இறக்கையின் பின்னோரத்தில் அசையும் பலகையை, நடுநிலையில் பூட்டி, அதன் பின்விளிம்பிலிருந்து முனை வரை நேர்கோல் வைத்துப் பாருங்கள். சில மில்லிமீட்டர் மேலோ கீழோ நின்றால்கூட அது அசையாத ஏலரான் ஆகிவிடும். விமானம் எப்போதும் ஒரு பக்கமே சாயும். முனையின் பின்விளிம்பை மெல்லிய ரம்பத்தால் பிளந்து, நேர்கோலோடு கிளாம்ப் போட்டு, எபாக்சி ரெசினில் பஞ்சுத்தூள் குழைத்து நிரப்புங்கள். இறுகியபின் மேலே ஓர் அடுக்குக் கண்ணாடித் துணி போதும். ஏலரானின் ஓரத்துக்கும் முனைக்கும் இடையே 4 மி.மீ. விடுங்கள், ஏலரானை முழுக்க மேலும் கீழும் அசைத்து, எங்கும் உரசாததை உறுதி செய்யுங்கள்.

நீங்களே வார்ப்பதானால் தெர்மோகோல் மேல் பாலியஸ்டர் ரெசின் ஊற்றாதீர்கள், கரைத்துவிடும், எபாக்சி மட்டுமே. ரேடியோ ஆன்டெனா உள்ளே வைக்கும் எண்ணமிருந்தால் கார்பன் துணி வேண்டாம், அலையை மறைக்கும். முனையை ஒட்டிவிடாமல் நட் பிளேட்டும் (தகட்டோடு நிலையாகப் பதித்த நட்) ஸ்க்ரூவுமாகப் பொருத்தினால் பின்னாளில் கழற்றி விளக்கு வயரையும் கடைசி ரிப்பையும் (இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குச் சட்டம்) பார்க்கலாம். துளையின் மையம் ஓரத்திலிருந்து ஸ்க்ரூ விட்டத்தின் இரு மடங்காவது தள்ளி இருக்கட்டும், இல்லையேல் ஃபைபர் பிய்ந்துவிடும். தாழ்வான இடத்தில் 6 மி.மீ. வடிகால் துளை கட்டாயம். விளக்கின் அக்ரிலிக் மூடியை அசிட்டோனால் துடைத்தால் மயிரிழை வெடிப்புகள் ஓடும். சோப்பு நீரே போதும்.

மாற்றியபின் விமானத்தைப் புதியதாகவே எண்ணி, வேகத்தைச் சிறுகச் சிறுகக் கூட்டிச் சோதியுங்கள். பலனை அளக்க, காற்று அசையாத காலையில், ஒரே எடையில், ஒரே வேகத்தில் 300 மீட்டரிலிருந்து 900 மீட்டர் ஏற ஆகும் நேரத்தைப் பழைய முனையோடும் புதிய முனையோடும் மும்மூன்று முறை குறியுங்கள். ஒரே முனையின் மூன்று அளவீடுகளுக்குள் உள்ள வித்தியாசத்தைவிட இரு முனைகளுக்கிடையேயான வித்தியாசம் சிறிதானால், எடை குறைந்த முனையை வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
சிறு விமானம் கட்டும் வாசகர்